ஏரி நீர்மட்டம் பத்தொன்பது அடி

செங்கழனியில் பொழுது விடிவது காலை எட்டு மணிக்கு. சூரியன் அதற்கு முன்னாலேயே வந்து பனைமரத்து உச்சியில் காத்துக்கொண்டு நிற்கும், கோழிகள் கூவி ஓய்ந்திருக்கும், பால்காரர் ஒரு சுற்று முடித்துத் திண்டிவனம் பஸ்ஸில் கேனையும் ஏற்றியிருப்பார். ஆனாலும் பேரூராட்சி ஆபீஸ் மாடியில் கட்டியிருக்கிற புனல் ஸ்பீக்கர் இரண்டு தடவை கரகரத்து, சேர்மன் வேதாசலம் தொண்டையைச் செருமி, "இன்றைய தேதி" என்று ஆரம்பிக்கிற வரைக்கும் எங்களுக்கு அது நேற்றுதான். தேதி சொல்லுவார், கிழமை சொல்லுவார், பெரிய ஏரியில் நீர்மட்டம் எத்தனை அடி என்று சொல்லுவார், இன்றைக்கு எந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் என்று சொல்லி முடிப்பார். நாற்பத்து நாலு வருஷத்துக்கு மேலாக அதே குரல். தேர்தல் நடந்த வருஷங்களிலும் அவர்தான் சேர்மன், தேர்தலே நடக்காத வருஷங்களிலும் அவர்தான்.

ஒரு தடவை வியாழக்கிழமையைப் புதன் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் புதன்கிழமைப் பாடத்தையே மறுபடி நடத்தினார்கள், சந்தைக்காரர்கள் கட்டின மூட்டையை அவிழ்த்து வைத்தார்கள், தப்பு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மூன்று வாரத்துக்கு எங்கள் ஊர் பக்கத்து ஊர்களுக்கு ஒரு நாள் பின்னால் நடந்தது. பெண் கொடுத்த இடத்தில் எல்லாம் கேலி செய்தார்கள். பிறகு அவரே ஒரு நாளைத் தாண்டிச் சொல்லிச் சரிசெய்தார், நாங்களும் தாண்டினோம். அப்படிப் பழகின காது எங்களுக்கு. நடந்தது எல்லாம் அந்தக் காதால் நடந்தது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அது பங்குனி பதினாறு. ஏரி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது, ஆடுகள் ஏரிக்குள்ளேயே மேய்ந்துகொண்டிருந்தன. எட்டு மணிக்கு ஸ்பீக்கர் கரகரத்தது. "இன்றைய தேதி ஐப்பசி ஒன்று. ஏரி நீர்மட்டம் ஏழு அடி. கரையடித் தெரு கூரைவீட்டுக்காரர்கள் ஏரிக்கரையில் மண் எடுக்கக் கூடாது" என்றார் சேர்மன். கரையடித் தெருவில் கூரை வீடு போய் முப்பது வருஷம் ஆகிறது. டீக்கடையில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், பிறகு டீயைக் குடித்தார்கள். பத்து மணிக்குள் மேகம் கூடி, மழை பிடித்து, ஏரியில் ஏழு அடி தண்ணீர் நின்றது. கழுத்தளவு நனைந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரையேறின மேய்ப்பர் ஒருத்தர்தான் கோபப்பட்டார். இதை நேற்றே சொல்லியிருந்தால் ஆடுகளைப் பட்டியிலேயே அடைத்திருப்பேனே, ஊர்ப் பெரியவர் இப்படிச் செய்யலாமா என்று ஆபீஸ் வாசலில் போய்க் கத்திவிட்டு வந்தார்.

மறுநாள் ஐப்பசி இரண்டு, ஏழே கால் அடி. அதற்கு மறுநாள் மூன்று. எங்களில் தலை நரைத்தவர்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அது பெருவெள்ள வருஷத்துக் கணக்கு. சேர்மனுக்கு அப்போது முப்பத்தோரு வயசு, முதல் தடவை நாற்காலியில் உட்கார்ந்த வருஷம். எழுபத்தைந்து வயசில் அவர் புத்தி வழி தப்பி அந்த வருஷத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் போன இடத்துக்கு நாங்களும் போனோம், அவ்வளவுதான்.

பழகிக்கொள்வதில் எங்கள் ஊரை யாரும் மிஞ்ச முடியாது. பெட்டியில் கிடந்த குடைகள் வெளியே வந்தன. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களைத் தேடி எடுத்துச் சிலர் பசை போட்டு ஒட்டினார்கள். சித்திரையில் கல்யாணம் வைத்தவர்கள் ஐப்பசியிலும் முகூர்த்தம் உண்டுதானே என்று அதே நாளில் நடத்தினார்கள். செல்போன் வேறு தேதி காட்டுகிறதே என்று கேட்ட மருமகனுக்கு உரக்கடைக்காரர் பதில் சொன்னதை ஊரே திருப்பித் திருப்பிச் சொன்னது. "செல்போன் ஒரு தேதி சொல்லுது, சேர்மன் ஒரு தேதி சொல்றாரு. ஏரி யாரு பேச்சைக் கேக்குதுன்னு எட்டிப் பாரு மாப்ள." வறண்டு கிடந்த கிணறுகள் ஊறின, மூன்று வருஷம் தரிசாகக் கிடந்த கழனியில் மேட்டுத் தெருக்காரர்கள் நாற்று விட்டார்கள், ஒரு மாசப் பயிர் அந்த மழையில் மூன்று மாசப் பயிர் மாதிரி எழும்பிக் கதிர் தள்ளியது.

சேர்மன் வீட்டில் நடந்தது மட்டும் வெளியே வரவில்லை. அவர் மகன் தெய்வசிகாமணி அப்பாவை மைக்குக்குக் கூட்டிப்போவதும் கூட்டிவருவதும் தவிர வேறு யாரையும் நெருங்க விடவில்லை. ஆனால் சுவருக்கும் காது உண்டே, எங்களுக்கு இல்லாமல் போகுமா. சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயும் முன் இலை போடச் சொல்கிறாராம். மகனை, செத்துப்போன தம்பியின் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாராம். கண்ணாடியில் தெரிகிற கிழவர் யார், மனு கொடுக்க வந்தவரா, ஏன் நிற்க வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம்.

வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த செயல் அலுவலர் ஹேமாவதி அம்மா, நல்ல மாதிரியான மனுஷி, இதைக் கேள்விப்பட்டு மன்றக் கூட்டத்தில் எழுந்து, தலைவரை ஒரு டாக்டரிடம் காட்டினால் நல்லது என்று சொன்னார். துணைத் தலைவர் ஜெயவேலு, அரிசி மில் வைத்திருக்கிறவர், நிதானமாகச் சொன்னார்: "அம்மா, அவரு ஞாபகம் போற பக்கம் போவட்டும். தண்ணி வர்ற பக்கம் வருது இல்ல?" அன்றைக்கு மத்தியானத்திலிருந்து, சேர்மனுக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று சொல்வது எங்கள் ஊரில் சாவு வீட்டில் சிரிப்பது மாதிரி ஆகிவிட்டது.

ஐப்பசி ஒன்பதாம் தேதி செத்தவர்கள் வந்தார்கள்.

பெருவெள்ளத்தில் கரை உடைந்து கரையடித் தெருவில் முப்பத்தேழு பேர் போனார்கள். அந்த முப்பத்தேழு பேரும் அன்றைக்குக் காலையில் தெருவில் இருந்தார்கள். எங்கிருந்தோ நடந்து வந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, கடைக்குப் போய்த் திரும்பினவர்கள் மாதிரி இருந்தார்கள். தங்கள் குடிசை எங்கே என்று தேடவும் இல்லை. குடிசை வாசல் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில், இப்போது அது யார் வீட்டுச் சமையலறையாக இருந்தாலும் சரி, யார் வீட்டு மாடிப்படியாக இருந்தாலும் சரி, குனிந்து நுழைகிற மாதிரி நுழைந்து உட்கார்ந்தார்கள். முதல் நாள் அழுகைச் சத்தம் இருந்தது. இரண்டாம் நாள் அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பிணத்தோடு குழாயடியில் சண்டை வந்தது, அதற்குப் பிறகு யாரும் அவர்களைப் பிணம் என்று சொல்லவில்லை.

பச்சையம்மாள் கதை இங்கேதான் வருகிறது. ஒன்பதாவது வார்டு மெம்பர், கரையடித் தெருக்காரி, அறுபத்தாறு வயசு. பெண்களுக்கு ஒதுக்கின வார்டு என்று நிறுத்தினார்கள், நின்றாள், ஜெயித்தாள். கையெழுத்து நன்றாகப் போடுவாள், வாசிப்பது என்றால் எழுத்துக் கூட்டி வரிக்கு அரை நாழிகை ஆகும். வெள்ளத்தில் போனவர்களில் ஒருத்தன் அவள் புருஷன் மாசிலாமணி, செங்கல் சூளையில் வேலை செய்தவன், இருபத்தேழு வயசு. வெள்ளத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்துகிற விசேஷத்துக்குப் போகக்கூடாது என்று அவன் சொல்ல, போவேன் என்று அவள் சொல்ல, சண்டை முற்றி, அவள் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். அதனால் பிழைத்தாள். அப்புறம் கட்டிக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் தேதி மத்தியானம் அவன் அவளுடைய காங்கிரீட் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தான். செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவியைப் பார்த்து, "ஆயா, பச்சை இன்னும் வரலியா?" என்றான்.

வரவில்லை என்றாள் பச்சையம்மாள். வேறு என்ன சொல்வாள். அம்மா வீட்டில் இருக்கிறாளாம், விசேஷம் முடிந்து வருவாளாம், அதுவரைக்கும் உனக்குச் சோறு பொங்கிப் போடச் சொல்லி என்னை அனுப்பினாள் என்றாள். அவன் நம்பினான். தெருப் பெண்கள் விடுவார்களா? குழாயடியில் குடத்தை வைத்ததும், "இன்னா பச்சை, புது மாப்ள கொழம்புல உப்பு கம்மின்னாரா?" என்பார்கள். பேரன் வயசில் புருஷன் வாய்த்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான், கண் பட்டுவிடும், சுத்திப் போட்டுக்கோ என்பார்கள். போங்கடி என்று அவளும் சிரிப்பாள். முகத்தில் மஞ்சள் பூசிக் குளிக்க ஆரம்பித்திருந்தாள், அதையும் கவனித்துச் சொன்னார்கள்.

சாயங்காலங்களில் அவன் கிழவியிடம் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுவான். கோபக்காரி, ஆனால் கோபத்தோடு போட்டாலும் சோறு குழையாது என்பான். போகாதே என்று நான் சொல்லியிருக்கக் கூடாது ஆயா, கையில் துணிமணி எடுக்க ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு போய் நிற்பாளே என்றுதான் சொன்னேன், அதை அப்படியே சொல்லத் தெரியவில்லை என்பான். நாற்பத்து நாலு வருஷம் அவள் மனசில் வைத்திருந்த புருஷன் முரடன். இவன் வேறு ஆளாக இருந்தான். அவள் வெங்காயம் உரிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வாள்.

இப்படி ஐப்பசி போயிற்று. தண்ணீர் பன்னிரண்டு அடி, பதிமூன்று, பதினாலு. கார்த்திகை ஒன்பதாம் தேதி கரை உடைந்த நாள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாள் நெருங்க நெருங்க ஊரில் சத்தம் குறைந்தது. நாய்கள் கரையை விட்டு மேட்டுத் தெருவில் போய்ப் படுத்தன. கரையடித் தெருவில் கல் வீடு மட்டும் நானூறு இருக்கிறது இப்போது, முன்னே இருந்தது எண்பது குடிசை. தெய்வசிகாமணிக்கும் பயம் வந்து, ஒரு நாள் தை ஒன்று, ஏரி நீர்மட்டம் நாலு அடி என்று பெரிய எழுத்தில் எழுதி அப்பா கையில் கொடுத்தான். அவர் தாளைப் பார்த்தபடியே, "இன்றைய தேதி கார்த்திகை இரண்டு, ஏரி நீர்மட்டம் பதினாறரை அடி" என்றார். அவர் வாசிக்கவில்லை. அவர் கண்ட நாளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேட்டுத் தெருக்காரர்கள் கலங்கவில்லை. போன தடவை எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். கரையடித் தெருவில் வாய் விட்டுச் சொன்னது வேறு: தேதியைத் திருத்தினால் இவர்கள் போய்விடுவார்களே, எழுந்து வந்தவர்களை எப்படி அனுப்புவது? பெற்ற பிள்ளையை, கூடப் பிறந்தவளை, இன்னொரு தடவை எப்படித் தூக்கிக் கொடுப்பது? வெள்ளம் வந்தால் இந்தத் தடவை முன்னாலேயே மேடேறிவிடலாம், எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அந்த முப்பத்தேழு பேரை மட்டும் தெருவை விட்டு நகர்த்த முடியவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் வருவார்கள், தெருமுனையில் அவர்களைக் காணோம், திரும்பி வந்தால் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

கார்த்திகை ஐந்தாம் தேதி சேர்மன் நீர்மட்டம் சொல்லி முடித்துவிட்டு மைக்கை வைக்கவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கினார். பிறகு, "கடப்பாரை நாலு, ஆள் நாலு பேர், ஒன்பதாம் தேதிக்குத் தயாராக இருக்க வேண்டும்" என்றார். தெய்வசிகாமணி ஓடிப்போய் வயரைப் பிடுங்கினான்.

மேட்டுத் தெரு அன்றைக்குத்தான் கலங்கியது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரு விஷயம் தெரியும், மீதிப் பாதிக்கு அது தெரியவே தெரியாது, தெரிந்த பாதி அதைத் தங்கள் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. அன்று சாயங்காலமே ஜெயவேலு செயல் அலுவலரிடம் போனார். அம்மா, நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள், நாங்கள்தான் கேட்கவில்லை, தலைவர் மன நிலை சரியில்லை, நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருவோம், நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்து சரியான தேதியைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானூறு வீடு பிழைத்தது என்று நினைத்தார். பதினைந்து மெம்பரில் பத்துப் பேர் கை தூக்க வேண்டும். மேட்டுத் தெருவும் கடைத்தெருவும் சேர்ந்து ஒன்பது. கரையடித் தெரு ஆறு பேரில் ஒருத்தராவது வேண்டும். ஐந்து பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பச்சையம்மாள், ஒரு நாள் கொடுங்கள், அவரை நான் நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

மறுநாள் மழைக்கு நடுவே தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனாள். தெய்வசிகாமணி அவளைத் தடுக்கவில்லை, அவனும் தளர்ந்துபோயிருந்தான். சேர்மன் ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, மடித்த துண்டு, முப்பத்தோரு வயசு ஆள் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீ எந்தத் தெரு ஆயா?" என்றார்.

பச்சையம்மாளுக்கு என்ன தோன்றியதோ, "மேட்டுத் தெரு" என்றாள்.

"அப்ப ஏன் பயந்து கெடக்குற? ஒங்க தெருவுக்கு ஒண்ணும் ஆவாது."

"தண்ணி ஏறிக்கினே போவுதே தலைவரே. இன்னா செய்யப் போறீங்க?"

அவர் சொன்னார். ஒரு இடத்தில் தடுமாறவில்லை, ஒரு பேர் மறக்கவில்லை. பத்தொன்பது அடி தாண்டினால் கரை தாங்காது. கலங்கல் பலகையைத் தூக்கினால் தண்ணீர் மேட்டுத் தெருக் கழனி வழியாக வடியும், ஆள் யாரும் சாகமாட்டார்கள், நெல் போகும். நெல் கதிர் விட்டு நிற்கிறது, மண்டிக்காரர்கள் நேற்றே வந்து இதே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள். கரையடித் தெருவுக்கு எதிரே கரையில் ஒரு வெட்டு வெட்டினால் நாலு நாழிகையில் ஏரி இறங்கிவிடும். வெட்டப் போகிற நாலு பேர் பேரையும் சொன்னார், அவர்கள் அப்பன் பேரையும் சொன்னார். தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லித் தண்டோரா போட்டாயிற்று, அதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்றார்.

"போவாதவங்க?" என்றாள் பச்சையம்மாள்.

"போவாம யாராச்சும் இருப்பாங்களா?"

"இருந்தா?"

அவர் மழையைப் பார்த்தார். "கரை ஒடைஞ்சிடிச்சின்னு சொல்லுவோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவள் பக்கம் திரும்பி, முகம் குழந்தை முகமாகி, "நான் சாப்ட்டனா?" என்று கேட்டார்.

சாப்பிட்டீங்க என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். கரை உடைந்தது, உடைந்தது என்று நாற்பத்து நாலு வருஷம் சாமியைத் திட்டினவள், மழையைத் திட்டினவள், கரை போட்ட எந்தக் காலத்து ராஜாவையோ திட்டினவள். வழியெல்லாம் அவள் நினைத்தது ஒன்றுதான் என்று பின்னால் சொன்னாள். மண்டை கலங்கினதால் இந்த மனுஷன் நம்மை மூழ்கடிக்கப் போகிறான் என்று பயந்துகொண்டிருந்தோமே, மண்டை தெளிவாக இருந்தபோதுதானே மூழ்கடித்தான்.

வீட்டில் மாசிலாமணி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தண்டோராக்காரன் வந்துபோனான் ஆயா, பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்றான். போயேன் என்றாள் அவள்.

"நான் போயி, பச்சை வந்தான்னு வையி. பூட்ன கதவைப் பாப்பா. அப்பறம் மறுபடியும் கோச்சிக்குவா."

அவள் கையிலிருந்த சாக்கை வீசி எறிந்தாள். அட பாவி, அறிவுகெட்டவனே, கதவைப் பார்த்தால் என்ன, தாழ்ப்பாளைப் பார்த்தால் என்ன, ஒரு வார்த்தை ஒழுங்காகச் சொல்லத் தெரியாது, ஒரு இடத்துக்குப் போகச் சொன்னால் போகத் தெரியாது, உன்னைக் கட்டிக்கொண்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன் என்று, காது குத்துச் சண்டை எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு தெருவே கேட்கிற மாதிரி திட்டினாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே குனிந்து பார்த்தான்.

"வயசாயிடிச்சே பச்சை ஒனக்கு" என்றான்.

அவள் எறிந்த சாக்கை எடுத்து உதறினாள்.

"அப்ப நான் எங்க போனேன்?"

அவள் சாக்கைக் கொடியில் போட்டாள். அவன் உட்கார்ந்தான். பிறகு சோறு இருக்கிறதா என்று கேட்டான். அவள் போட்டாள், அவன் தின்றான், குழையவில்லை என்று சொன்னான்.

கார்த்திகை எட்டாம் தேதி பகல் பதினொரு மணிக்கு மன்றம் கூடியது. அன்று காலையில் சேர்மன் சொன்னது பத்தொன்பது அடி. பச்சையம்மாள் எழுந்து நின்று, தான் கேட்டதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். வெட்டினது, மண்டிக்காரர்கள் வந்து உட்கார்ந்தது, நாலு பேர் பேர். மேட்டுத் தெரு மெம்பர்கள் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயவேலு மட்டும் நிமிர்ந்து, தழுதழுத்த குரலில், "பாத்தீங்களா? எப்பேர்ப்பட்ட மனுஷன். இப்படியெல்லாம் பேசற அளவுக்கு ஆயிடிச்சே" என்றார். எழுத்தரைக் கூப்பிட்டு, பச்சையம்மா சொன்னதையும் தீர்மானத்தில் சேர்த்துக்கொள் என்றார். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. தான் சொன்னது எழுத்தில் ஏறுகிறது, இனி யாரும் அழிக்க முடியாது என்று நினைத்தாள். எழுத்தர் மழைச் சத்தத்தில் வேகமாக வாசித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் செயல் அலுவலர். ஒன்பது கை எழுந்தது. மற்ற ஐந்து கரையடி மெம்பர்களும் பச்சையம்மாளையே பார்த்தார்கள். நம்ம வீட்டு ஜனங்களைக் கொன்றுவிடாதே என்று அந்தப் பார்வை சொல்லியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

ஜெயவேலு நேரே மாடிக்குப் போனார். "இன்றைய தேதி சித்திரை இருபத்து மூன்று" என்றார். மழை நின்றது. மேகம் விலகி, நெற்றியில் சுள்ளென்று வெயில் அடித்தது. கரையடித் தெருவில் முப்பத்தேழு இடத்தில் உட்கார்ந்திருந்த ஈரம் மட்டும் இருந்தது, அதுவும் சித்திரை வெயிலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது. பச்சையம்மாள் வீட்டுக்குப் போனபோது சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

ஆனால் ஜெயவேலு அதோடு நிறுத்தவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும். பார்த்தார். பார்த்ததைச் சொன்னார். "ஏரி நீர்மட்டம் பத்தொன்பது அடி."

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, ஏரி தளும்பிக்கொண்டு நின்றது. மறுநாளும் பத்தொன்பது அடி என்றார், ஆவியாகிப் போயிருக்க வேண்டிய தண்ணீர் ஒரு விரல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் கரையின் அடியில் ஊற்றுக் கண் விட்டுச் சேறு கசிந்தது. கரையடித் தெரு ஜனங்கள் ஆபீஸுக்குப் போய்க் கும்பிட்டார்கள். ஒரு வார்த்தை, பத்து அடி என்று மைக்கில் சொல்லுங்கள், இறங்கிவிடும் என்றார்கள். ஜெயவேலு வருத்தப்பட்டார். இருப்பதைத்தான் நான் சொல்ல முடியும், இல்லாததைச் சொல்ல நான் என்ன வேதாசலமா, பெரிய டாக்டரிடம் போய் மன நிலை நன்றாக இருக்கிறது என்று சர்ட்டிபிகேட் வாங்கி அலுவலரம்மாவிடம் கொடுத்திருக்கிறேன் என்றார். சரி, கலங்கல் பலகையைத் தூக்குங்கள் என்றார்கள். நெல் அறுப்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, கழனியை எப்படி மூழ்கடிப்பது என்றார். ஹேமாவதி அம்மா மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார், பதில் வந்தது, புதிய தலைவர் உடல் நலமும் மன நலமும் சரியாக உள்ளதாகத் தெரிகிறது என்று.

நாலாம் நாள் காலையில், பத்தொன்பது அடி சொல்லி முடித்த பிறகு, கரையடித் தெருவில் உள்ளவர்கள் முன்னெச்சரிக்கையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று ஸ்பீக்கர் சொன்னது.

பச்சையம்மாள் வீட்டைப் பூட்டினாள். பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. தெருவில் யாரையும் கூப்பிடவும் இல்லை, நேரே ஏரிக்கரைமேல் ஏறி, தெருவுக்கு எதிரே, சேர்மன் சொன்ன அந்த இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பின்னால் தண்ணீர் கரையை நக்குகிற சத்தம், முன்னால் நானூறு வீட்டு மொட்டைமாடி. கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி வந்தாள், பிறகு இரண்டு பேர், ஆண்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி.

பகல் பன்னிரண்டு மணிக்கு நாலு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். மேட்டுத் தெருப் பிள்ளைகள். முன்னால் வந்தவன் போன தடவை வெட்டினவர்களில் ஒருத்தருடைய மகன், அது அவனுக்குத் தெரியாது, பச்சையம்மாளுக்குத் தெரியும்.

"ஏந்திரு ஆயா. கரை வீக்கா இருக்குது, மண்ணு கொத்திப் போடணும்" என்றான்.

"வெட்ட வந்தீங்கன்னு எனக்குத் தெரியும்பா. இதே எடத்துலதான் ஒங்க அப்பா வெட்னாரு."

"யாரு சொன்னது?"

"வெட்டச் சொன்னவரே சொன்னாரு. வேதாசலம் சொன்னாரு."

அவன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தான். திட்டுகிற பார்வை இல்லை, பாவம் என்கிற பார்வை.

"அவரு புத்தி பேதலிச்சி, கரையை வெட்னேன் வெட்னேன்னு இல்லாததை எல்லாம் பேசறாருன்னு தீர்மானத்துல எழுதியிருக்குது. கவர்மெண்டு சீல் போட்டு ஆபீஸ்ல ஒட்டியிருக்குது. பத்தாவது கை ஒன்னுது ஆயா."

பச்சையம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நீட்டின காலை மடக்கி, இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து, குழந்தையோடு நின்றுகொண்டிருந்தவளுக்கு உட்கார இடம் விட்டாள்.